எத்தனால் ஊற்றிய காரில் முதலில் கைவிரிப்பது பம்பா, இன்ஜெக்டரா?

பெரும்பகுதி எத்தனாலும் மீதி பெட்ரோலும் கலந்த இ85 எரிபொருள் பற்றிப் பேச்சு எழுந்தால் கார் ஆர்வலர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஊற்றினாலே குதிரைசக்தி எகிறும் என்பார்கள் ஒரு சாரார். ஊற்றினால் பம்ப் போச்சு, அதோடு இன்ஜினும் போச்சு என்பார்கள் மறு சாரார். இரண்டு பேச்சிலும் ஒட்டாமல் நிற்பது ஒரு எளிய கணக்கு. அதே காற்றோடு சேர்ந்து எரிய, பெட்ரோலைவிட எத்தனாலுக்கு அதிக லிட்டர் தேவை. அந்தக் கூடுதல் லிட்டரை, கிடைக்கும் சில மில்லி விநாடிக்குள், வேண்டிய அழுத்தத்தில் சிலிண்டர் வரை கொண்டுபோய்ச் சேர்க்க முடிகிறதா என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

நம் ஊர் பெட்ரோல் பங்குகளில் இப்போது வரும் இ20-ஐ இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சுத்தப் பெட்ரோலோடு ஒப்பிட்டால் இ20-க்குத் தேவைப்படும் கூடுதல் அளவு 7 சதவீதம் போல. எரிபொருளைத் தள்ளும் பம்புக்கும், அதைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்கும் சாதாரணக் காரில் அது ஒரு பொருட்டல்ல. ரப்பர், மைலேஜ் பற்றிய சண்டை வேறு. இங்கே பேசுவது அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற இடங்களில், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ கொண்ட கார்களை இ85-க்கு மாற்றும்போது வரும் சிக்கலை.

எத்தனால் கொடுப்பதும் கேட்பதும்

'இ'-க்குப் பின்னால் வரும் எண், எரிபொருளில் எத்தனால் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்லும். ஆனால் அமெரிக்க பங்குகளில் இ85 என்ற பலகையை அப்படியே நம்பிவிடக் கூடாது. அங்குள்ள ஏஎஸ்டிஎம் தரவிதிப்படி 51 முதல் 83 சதவீதம் வரை எத்தனால் இருந்தாலும் அந்தப் பெயரில் விற்கலாம். குளிர்காலத்தில் வண்டி ஸ்டார்ட் ஆவதற்காக எத்தனாலைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டிவிடுவார்கள்.

இனி சக்திக் கணக்கு. ஒரு கிலோ பெட்ரோல் எரிந்தால் சுமார் 43 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். ஒரு கிலோ எத்தனாலில் 27 மெகாஜூல்தான். அப்படியானால் எத்தனாலில் சக்தி குறையத்தானே வேண்டும்? குறையாது. ஒரு கிலோ பெட்ரோலை முழுதாக எரிக்க 14.7 கிலோ காற்று வேண்டும், ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இன்ஜினுக்குள் போகும் காற்றுக்குத்தான் எல்லை உண்டு என்பதால், காற்றை வைத்துக் கணக்குப் போட வேண்டும். ஒரு கிலோ காற்றுக்கு இரண்டு எரிபொருளும் ஏறக்குறைய ஒரே அளவு வெப்பத்தையே தருகின்றன.

அப்படியென்றால் சக்தி எங்கிருந்து கூடுகிறது? இரண்டு குணங்களால். எத்தனாலின் ஆக்டேன் எண் 108 அளவில் இருக்கிறது. ஆக்டேன் எண் என்பது, அழுத்தத்திலும் சூட்டிலும் தானாக வெடித்துவிடாமல் எரிபொருள் தாக்குப்பிடிக்கும் திறனைக் குறிக்கும் அளவு. இரண்டாவது, எத்தனால் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றிலிருந்து நிறைய வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஒரே அளவு காற்றுக்குக் கணக்கிட்டால், பெட்ரோலைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு. இந்த இரண்டும் சேர்ந்து நாக்கிங்கை, அதாவது எரிபொருள் தானாக வெடிப்பதை, தள்ளிப்போடுவதால் டர்போவின் பூஸ்ட்டை, அதாவது அது காற்றைத் தள்ளும் அழுத்தத்தை, கூட்டலாம், ஸ்பார்க்கை முன்கூட்டியே கொடுக்கலாம். குதிரைசக்தி அங்கேதான் ஏறுகிறது. 2023-இல் வந்த டாட்ஜ் டீமன் 170 இ10-இல் 900 குதிரைசக்தியும் இ85-இல் 1,025-ம் தருகிறது. கோனிக்செக் ஜெஸ்கோ பெட்ரோலில் 1,280, இ85-இல் 1,600. பூஸ்ட்டையும் ஸ்பார்க்கையும் தொடாமல் சும்மா ஊற்றினால் மாற்றம் பெரிதாகத் தெரியாது.

இதற்கான விலையை லிட்டரில் கட்ட வேண்டும். இ85-க்கான காற்று விகிதம் சுமார் 9.8. ஆக, எடைப்படி பெட்ரோலைவிட 50 சதவீதம் கூடுதல் தேவை. எத்தனால் கொஞ்சம் அடர்த்தியானது என்பதால் லிட்டர் கணக்கில் அது 40 சதவீதத்துக்குச் சற்று மேலே வரும். முழு பூஸ்ட்டில் பெட்ரோல் இன்ஜினைக் குளிர்விக்கவென்றே கூடுதலாகப் பெட்ரோல் தெளிப்பார்கள், எத்தனாலில் அந்த அளவுக்குத் தேவைப்படாது. அதனால் நடைமுறையில் வித்தியாசம் 30 முதல் 40 சதவீதம். அதுவும் அதே சக்திக்கு! சக்தியையும் கூட்டினால் அது தனிக் கணக்கு.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: எத்தனால் நாக்கிங்கைத் தடுத்து பூஸ்ட்டுக்கு வழிவிடுகிறது, பதிலுக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் எரிபொருள் கேட்கிறது.

மோட்டாரும் குழாயும்

வீட்டில் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். தரைத்தளத்துத் தொட்டிக்குச் சடசடவெனக் கொட்டும் அதே மோட்டார், மூன்றாம் மாடித் தொட்டிக்குப் போனால் சோர்ந்து ஊற்றும். சாயங்காலம் கரண்ட் குறைந்தால் இன்னும் சோரும். மோட்டார் எவ்வளவு வலுவாக இருந்தாலும், குளியலறைக் குழாயின் வாய் சின்னதாக இருந்தால் குறிப்பிட்ட நேரத்துக்குள் வாளி நிறையாது. காரில் டேங்குக்குள் இருக்கும் ஃப்யூவல் பம்ப் அந்த மோட்டார், இன்ஜெக்டர் அந்தக் குழாய். ஒப்பீடு இதோடு போதும். இரண்டுக்கும் எல்லை உண்டு, இரண்டும் வேறு வேறு எல்லைகள் என்பதுதான் முக்கியம். பலர் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்ஜெக்டர்: நேரம் தீர்ந்துபோகும் கதை

இன்ஜெக்டர் மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு வால்வு. எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைக் காரின் கணினியான ஈசியூ தீர்மானிக்கிறது. இன்ஜெக்டரின் அளவைச் 'சிசி' என்று சொல்வார்கள். 3 பார் அழுத்தத்தில் மூடாமல் திறந்தே வைத்தால் நிமிடத்துக்கு எத்தனை கன சென்டிமீட்டர் ஊற்றும் என்பதே அந்த எண்.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் ஒரு முறை முழுதாக வேலை செய்ய இரண்டு சுற்று சுற்ற வேண்டும். ஐடிலில், அதாவது வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது, 800 ஆர்பிஎம்-இல், இதற்கு 150 மில்லி விநாடி கிடைக்கிறது. இன்ஜெக்டர் திறந்திருப்பது அதில் இரண்டு மூன்று மில்லி விநாடிதான். 7,000 ஆர்பிஎம்-இல் மொத்தமே 17 மில்லி விநாடி. அதற்குள் எல்லாம் முடிய வேண்டும். இந்த மொத்த நேரத்தில் இன்ஜெக்டர் திறந்திருக்கும் சதவீதத்துக்கு ட்யூட்டி சைக்கிள் என்று பெயர். 80 முதல் 85 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். அதற்கு மேல் போனால் ஒரு முறை மூடி அடுத்த முறை திறப்பதற்குள் வால்வின் ஊசி சரியாக அமராது, தெளிப்பு ஈசியூவின் கணக்குக்குக் கட்டுப்படாது. 100 சதவீதத்தைத் தொட்டால் இன்ஜெக்டர் மூடவே மூடாது. அதற்கு மேல் ஈசியூ எவ்வளவு கேட்டாலும் ஒரு சொட்டும் கூடாது.

இன்னொரு சின்ன விஷயம். மின்சாரம் வந்த உடனே ஊசி எழும்பிவிடாது, சுமார் ஒரு மில்லி விநாடி தாமதிக்கும். இதை டெட் டைம் என்பார்கள். பேட்டரி வோல்ட்டேஜ் குறைந்தால் டெட் டைம் நீளும். புது இன்ஜெக்டர் போடும்போது அதன் டெட் டைம் அட்டவணையையும் ஈசியூவில் ஏற்ற வேண்டும். 'சிசி' எண்ணை மட்டும் மாற்றிவிட்டு, ஐடிலில் வண்டி தள்ளாடுகிறதே என்று ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பவர்கள் நிறைய.

பம்ப்: பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள்

வால்ப்ரோ 255, வால்ப்ரோ 450 என்று பம்புகளை எண்ணால் அழைப்பது வழக்கம். மணிக்கு அத்தனை லிட்டர் என்று பொருள். ஆனால் அது குறிப்பிட்ட அழுத்தத்தில், குறிப்பிட்ட வோல்ட்டேஜில் மட்டும்.

டர்போ காரில் அழுத்தம் நிலையாக நிற்பதில்லை. இன்ஜெக்டரின் பின்னால் இருக்கும் எரிபொருள் குழாயை ரெயில் என்பார்கள். அதன் அடிப்படை அழுத்தம் 3 பார் என்று வைத்துக்கொள்வோம். டர்போ 1.5 பார் பூஸ்ட் தந்தால் இன்ஜெக்டரின் மூக்கில் அந்த 1.5 பார் எதிர்த்துத் தள்ளும். அதைச் சமன்செய்ய, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ரெயில் அழுத்தத்தையும் 4.5 பாருக்கு ஏற்றிவிடும். ஆக, இன்ஜின் அதிகபட்சம் குடிக்கும் அந்த நொடியில்தான் பம்ப் அதிகபட்ச அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கும், அதன் ஓட்டமும் குறைவாக இருக்கும். 3 பாரில் 255 தந்த பம்ப் 4.5 பாரில் அதைத் தராது. வாங்கும் முன் பார்க்க வேண்டியது தயாரிப்பாளர் தரும் அழுத்தம்–ஓட்டம் வரைபடத்தை.

வோல்ட்டேஜ் அடுத்தது. பழைய காரில் டேங்க் வரை போகும் வயர் மெல்லியதாக இருக்கும், வழியில் கனெக்டர்கள் கறுத்திருக்கும். ஆல்டர்னேட்டரில் 13.8 வோல்ட் இருந்தும் பம்பில் 12 மட்டும் வந்தால் ஓட்டம் கண்ணுக்குத் தெரியும்படி குறையும். மல்டிமீட்டரைப் பம்பின் கனெக்டரிலேயே வைத்து, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்து பாருங்கள். எர்த் வயரையும் விட்டுவிட வேண்டாம். பெரிய பம்புகள் முழுச் சுமையில் 15 ஆம்பியரைத் தாண்டி இழுக்கும். பேட்டரியிலிருந்து நேராக 4 அல்லது 6 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரி அருகிலேயே ஒரு ஃபியூஸ், ஒரு ரிலே, பழைய வயரை ரிலேயை இயக்க மட்டும் வைத்துக்கொள்வது: இந்த வேலையைச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்த கார்கள் உண்டு.

இங்கே ஒரு குறுக்குவழியைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். ரெகுலேட்டரைத் திருகி அடிப்படை அழுத்தத்தை 3-இலிருந்து 4 பாருக்கு ஏற்றினால், சின்ன இன்ஜெக்டரே அதிகம் ஊற்றும் என்பது. ஊற்றும்தான். ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் 33 சதவீத அழுத்தத்துக்கு 15 சதவீத ஓட்டம் கிடைக்கும். ஆனால் பூஸ்ட்டில் பம்ப் இப்போது 5.5 பாரை எதிர்த்துத் தள்ள வேண்டும். இன்ஜெக்டரில் கிடைத்ததைப் பம்பில் இழக்கிறீர்கள். பம்பில் தாராளமாக இடம் இருந்தால் மட்டுமே இந்த வித்தை செல்லும்.

இரண்டு எல்லைகளையும் ஒரு வரியில் வைத்தால்: இன்ஜெக்டருக்குத் தட்டுப்படுவது நேரம், பம்புக்குத் தட்டுப்படுவது அழுத்தமும் வோல்ட்டேஜும்.

கையால் போடக்கூடிய கணக்கு

2006-இல் அமெரிக்காவில் விற்ற மிட்சுபிஷி லேன்சர் எவோ 9-ஐ எடுத்துக்கொள்வோம். இரண்டு லிட்டர் டர்போ, நான்கு சிலிண்டர், 286 குதிரைசக்தி, 560 சிசி இன்ஜெக்டர்கள். டர்போ இன்ஜின் ஒரு குதிரைசக்தியை ஒரு மணி நேரம் தர, பெட்ரோலில் சுமார் 0.27 கிலோவும் இ85-இல் சுமார் 0.38 கிலோவும் குடிக்கும் என்று வைத்துக் கணக்கிடலாம். வண்டிக்கு வண்டி மாறும், பாகம் தேர்ந்தெடுக்க இது போதும்.

முதலில் இருக்கும் இன்ஜெக்டர் எதுவரை தாங்கும்? நான்கு இன்ஜெக்டர், 560 சிசி, 85 சதவீத ட்யூட்டி. பெருக்கினால் நிமிடத்துக்கு 1,904 சிசி, மணிக்கு 114 லிட்டர். லிட்டருக்கு 0.745 கிலோ என்றால் 85 கிலோ பெட்ரோல், அது 315 குதிரைசக்திக்குக் காணும். கம்பெனி கொடுத்த 286-க்கு மேல் கொஞ்சம் கை மிச்சம். அதே 114 லிட்டர் இ85 என்றால் 89 கிலோ. 0.38-ஆல் வகுத்தால் 234 குதிரைசக்திதான் வருகிறது. அதாவது, இன்ஜெக்டரை மாற்றாமல் இ85 ஊற்றினால், பாதுகாப்பான எல்லைக்குள் கம்பெனி தந்த சக்தியைக்கூட எட்ட முடியாது.

இலக்கு 400 குதிரைசக்தி என்றால்? இ85-இல் மணிக்கு 152 கிலோ, லிட்டருக்கு 0.78 கிலோ என்று வகுத்தால் 195 லிட்டர். ஒரு இன்ஜெக்டரின் பங்கு நிமிடத்துக்கு 812 சிசி. 85 சதவீத ட்யூட்டிக்கு வகுத்தால் 955. எனவே 1,000 சிசி இன்ஜெக்டர் வேண்டும். பெட்ரோலாக இருந்தால் 711-இல் முடிந்திருக்கும். பம்ப் பக்கம் 195 லிட்டரோடு 20 சதவீதம் சேர்த்து 235 லிட்டராவது வேண்டும், அதுவும் 4.5 பாரில், உங்கள் காரில் வரும் வோல்ட்டேஜில். 255 எண் கொண்ட பம்ப் இந்த இடத்தில் விளிம்பில் தொங்கும். எத்தனாலுக்கென்றே செய்த 450 வகைப் பம்ப் நிம்மதி தரும்.

நேரடி இன்ஜெக்‌ஷன் கார்களில் கதை மாறுகிறது

மேலே சொன்னதெல்லாம் வால்வுக்குப் பின்னால், காற்று வரும் வழியில் தெளிக்கும் கார்களுக்கு. இதைப் போர்ட் இன்ஜெக்‌ஷன் என்பார்கள். இன்றைய டர்போ கார்கள் பலவும் நேரடி இன்ஜெக்‌ஷன், அதாவது சிலிண்டருக்குள்ளேயே தெளிப்பவை. ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ, ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் இரண்டிலும் உள்ள இஏ888 இன்ஜினும், பிஎம்டபிள்யூவின் பி58-ம் இந்த வகை.

இங்கே நேரம் இன்னும் சுருங்கிவிடுகிறது. காற்று உள்ளே வரத் தொடங்கியதிலிருந்து ஸ்பார்க்குக்குக் கொஞ்சம் முன்னால் வரை மட்டுமே தெளிக்க முடியும். இரண்டு முழுச் சுற்றின் 720 டிகிரிக்குப் பதில் ஏறத்தாழ 240 டிகிரி என்று கொண்டால், 7,000 ஆர்பிஎம்-இல் கிடைப்பது 6 மில்லி விநாடிக்கும் குறைவு. அதை ஈடுகட்டத்தான் ரெயில் அழுத்தத்தை 200 பார் அளவுக்கு வைக்கிறார்கள். அவ்வளவு அழுத்தத்தை டேங்கில் உள்ள பம்ப் தராது. இன்ஜின் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் மிதித்து இயக்கும் இன்னொரு உயர் அழுத்தப் பம்ப் அந்த வேலையைச் செய்கிறது.

இந்த உயர் அழுத்தப் பம்பின் குணம்தான் பலருக்குப் பிடிபடுவதில்லை. டேங்கில் உள்ள மின்சாரப் பம்ப், இன்ஜின் எந்த வேகத்தில் ஓடினாலும் மணிக்கு இத்தனை லிட்டர் என்று ஊற்றிக்கொண்டிருக்கும். எனவே அது தோற்பது மேல் ஆர்பிஎம்-இல், மொத்தத் தேவை உச்சத்தில் இருக்கும்போது. கேம் மிதிக்கும் பம்ப் சுற்றுக்கு இத்தனை சொட்டு என்று கணக்காகத் தரும். வேகம் கூடினால் அதன் வரத்தும் கூடும். ஒரு சுற்றுக்கு அதிக எரிபொருள் தேவைப்படுவது டார்க் எனும் முறுக்குவிசையின் உச்சத்தில், டர்போ முழுதாக எழுந்த நடு ஆர்பிஎம்-இல். அதனால் நேரடி இன்ஜெக்‌ஷன் காரில் ரெயில் அழுத்தம் 3,500–4,500 வாக்கில் சரிந்துவிட்டு, மேலே போகப் போகத் தானாக மீண்டு வருவதைப் பதிவுகளில் பார்க்கலாம். அங்கிருந்து இன்ஜினின் வேக எல்லையான ரெட்லைன் நெருங்கும்போது இன்ஜெக்டரின் நேரம் தீரும்.

இதனால்தான் இந்த கார்களில் பலர் முழு இ85-க்குப் போகாமல் இ30-இல் நின்றுகொள்கிறார்கள். நாக்கிங் தடுப்பில் பெரும்பங்கு இந்த அளவிலேயே கிடைத்துவிடுகிறது, எரிபொருள் கூடுதலும் கட்டுக்குள் இருக்கிறது. என் கருத்தில், தெருவில் ஓட்டும் காருக்கு இதைவிட நியாயமான பேரம் இல்லை. இ10 விற்கும் ஊரில் 50 லிட்டர் டேங்குக்கு 13.3 லிட்டர் இ85, மீதி 36.7 லிட்டர் இ10. அந்த இ85-இல் உண்மையில் 70 சதவீதம்தான் எத்தனால் என்றால் கலவை இ26 ஆகும், பெரிய வம்பில்லை. இதற்கு மேல் வேண்டுமென்றால் பெரிய பிளஞ்சர் (எரிபொருளை அழுத்தித் தள்ளும் தண்டு) கொண்ட உயர் அழுத்தப் பம்ப் போடலாம், அல்லது துணைக்கு போர்ட் இன்ஜெக்டர்களைச் சேர்க்கலாம். டொயோட்டா ஜிஆர் யாரிஸில் இரண்டு வகை இன்ஜெக்டர்களும் கம்பெனியிலேயே வருகின்றன.

எது தோற்றது என்று எப்படித் தெரியும்?

ஐடிலிலும் மெதுவாக ஓட்டும்போதும் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியூ தன்னால் முடிந்த அளவு, 25 சதவீதம் போல, எரிபொருளைக் கூட்டிக்கொடுத்துச் சமாளிக்கும். முடியாதபோது லீன் என்று பொருள்படும் பி0171 பிழைக்குறியோடு செக் இன்ஜின் விளக்கு எரியும். லீன் என்றால் காற்றுக்கு எரிபொருள் போதவில்லை என்று பொருள். ஆபத்து முழு பூஸ்ட்டில்தான். பல கார்களில் அங்கே ஈசியூ சென்சாரைத் திரும்பிப் பார்க்காமல் அட்டவணைப்படி ஊற்றும். லீன் ஆனால் சூடு ஏறும், நாக்கிங் தொடங்கும், பிஸ்டனின் ரிங் அமரும் பள்ளங்கள் உடையும்.

முழு ஆக்சிலரேட்டரில் மூன்றாவது கியரில் ஒரு இழுப்பு இழுத்து, மூன்றை ஒரே நேரத்தில் பதிவு செய்யுங்கள்: ரெயில் அழுத்தம், இன்ஜெக்டர் ட்யூட்டி, லாம்ப்டா. லாம்ப்டா என்பது எரிபொருள் முழுதாக எரியத் தேவையான அளவு காற்று சரியாக இருந்தால் 1 என்று காட்டும் அளவு, எரிபொருள் குறையக் குறைய எண் ஏறும். எந்த எரிபொருளுக்கும் அது 1-தான், அதனால் 14.7 போன்ற விகித எண்களைவிட இதைப் பார்ப்பது நல்லது. அழுத்தம் சரிந்து ட்யூட்டி ஏறினால் குற்றவாளி பம்ப், வயர், ஃபில்டர் பக்கம். அழுத்தம் அசையாமல் நின்று, ட்யூட்டி 90-ஐத் தாண்டி, லாம்ப்டாவும் ஏறினால் இன்ஜெக்டர் போதவில்லை. அழுத்தமும் ட்யூட்டியும் ஒழுங்காக இருந்தும் லாம்ப்டா தப்பினால் ஈசியூவில் ஏற்றிய இன்ஜெக்டர் தகவல் தவறு, அல்லது டேங்கில் எத்தனால் அளவு மாறிவிட்டது. 0.82-ஐ எதிர்பார்க்கும் இடத்தில் 0.90 காட்டினால் அந்த நொடியே காலை எடுத்துவிடுங்கள்.

எத்தனால் அளவை அறிய எரிபொருள் குழாயில் பொருத்தும் ஃப்ளெக்ஸ் சென்சார் உண்டு. பரவலாகக் கிடைப்பது 50 ஹெர்ட்ஸ் காட்டினால் எத்தனால் இல்லை, 150 காட்டினால் முழு எத்தனால். ஈசியூ அதைப் படித்து பூஸ்ட்டையும் ஸ்பார்க்கையும் தானே மாற்றிக்கொள்ளும். சென்சார் இல்லாதவர்கள் அளவுக் குழாயில் 50 மில்லி தண்ணீரும் 50 மில்லி எரிபொருளும் ஊற்றிக் குலுக்கி வைக்கலாம். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்துகொள்ள, பெட்ரோல் மேலே பிரிந்து நிற்கும். பிரிகோடு 90-இல் இருந்தால் 40 மில்லி எத்தனால், அதாவது சுமார் 80 சதவீதம்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

முதலில் வயரிங், அடுத்து பம்ப், அதன் பின் இன்ஜெக்டர், எல்லாம் முடிந்த பின்தான் ட்யூனிங். பூஸ்ட்டை முதலில் ஏற்றிவிட்டு மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களால்தான் பழைய இரும்புக் கடைக்குப் பிஸ்டன் வருகிறது.

எத்தனால் மின்சாரத்தைக் கடத்தும், ஈரத்தை இழுக்கும். பூச்சில்லாத அலுமினியத்தையும் பழைய ரப்பரையும் அரிக்கும். டேங்குக்குள் பம்போடு சேரும் சின்ன ஓஸ் எரிபொருளில் முழுதாக மூழ்கி இருப்பது, அதற்கு எஸ்ஏஇ 30ஆர்10 தரத்து ஓஸ்தான் போட வேண்டும். சாதாரண ஓஸ் ஊறி வெடித்தால் பம்ப் டேங்குக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஊற்றிக்கொண்டிருக்கும், ரெயிலுக்கு ஒன்றும் போகாது. வெளியே பிடிஎஃப்இ (டெஃப்லான்) உள்பூச்சுள்ள ஓஸ் நல்லது.

இந்தியாவில் 2024 மார்ச்சில் இந்தியன் ஆயில் தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் 183 பங்குகளில் எத்தனால் 100 விற்பனையைத் தொடங்கியது. அதில் 93 சதவீதத்துக்கும் மேல் எத்தனால். மேலே சொன்ன எதையும் மாற்றாத காரில் அதை ஊற்றக் கூடாது.

பழைய டேங்கில் வருடக்கணக்கில் படிந்த பிசினை எத்தனால் கரைத்துக் கிளப்பிவிடும். எனவே முதல் இரண்டு டேங்க் ஓடிய பிறகு ஃபில்டரை மாற்றுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தப்போகிறீர்கள் என்றால், நிறுத்துவதற்கு முன் ஒரு முறை பெட்ரோல் ஊற்றி ஓட்டி, இன்ஜெக்டர் வரை பெட்ரோல் வந்த பிறகு நிறுத்துங்கள். ஈரம் இழுத்த எத்தனால் இன்ஜெக்டரின் வலையிலும் ஊசியிலும் பிசுக்காகப் படிந்தால், நான்கில் ஒன்று மட்டும் குறைவாகத் தெளிக்கும். லாம்ப்டா மீட்டரோ நான்கின் சராசரியைத்தான் காட்டும்.